மிருதங்கத்தின் ரகசியம் கண்ட ராமன்

கோடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். மலை ஊர் என்றாலும், விழா என்று வந்துவிட்டால் எல்லா ஊரும் ஒன்றுதான். மேடை போடுவார்கள். ஒலிபெருக்கி கட்டுவார்கள். பாட்டு தொடங்கியதும் பிள்ளைகள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் காலத்துப் பாட்டுக் கச்சேரியைக் கவனித்திருக்கிறீர்களா? மேடையில் ஒருவர் கீபோர்டு முன்னால் நிற்பார். ஒரு கட்டையை அழுத்துவார், வீணை கேட்கும். இன்னொன்றை அழுத்துவார், பிடில் கேட்கும். மற்றொன்றைத் தட்டுவார், மிருதங்கம் பேசும். மேடையில் தேடிப் பார்த்தால் வீணையும் இருக்காது, மிருதங்கமும் இருக்காது.

அந்தப் பெட்டிக்கு மிருதங்கத்தின் குரல் எப்படித் தெரிந்தது?

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உண்மையான மிருதங்கத்தை வாசிக்கச் சொல்லி அந்த ஒலியைப் பதிந்து பெட்டிக்குள் வைத்துவிடுவது. இது சுலபம். மற்றொன்று, சின்னச் சின்ன ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து, அந்த வாத்தியத்தின் குரலையே புதிதாக உண்டாக்குவது. சிந்தசைசர் என்ற கருவி பிறந்தது இந்த வழியில்தான். கதம்பம் கட்டுவது போன்ற வேலை இது. எந்தப் பூ, எத்தனை பூ என்று தெரியாமல் கதம்பம் கட்ட முடியுமா? அப்படித்தான் ஒரு வாத்தியத்தின் ஒலியில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைத் திரும்ப உண்டாக்க முடியும்.

மிருதங்கத்தின் ஒலியைப் பிரித்து, அதில் உள்ளவற்றை எண்ணிச் சொன்னவர் ஒரு தமிழர். ஒளியை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற ஸர் சி. வி. ராமன்தான் அவர். ஒளிக்கு முன்னால் அவர் பல ஆண்டுகள் ஒலியை ஆராய்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

அப்பாவின் பிடில்

திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் திருவானைக்காவலில் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். குழந்தைக்கு நாலு வயதானபோது தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் வேலை கிடைத்தது. குடும்பம் அங்கே போயிற்று.

சந்திரசேகர ஐயர் கணக்கும் பௌதிகமும் கற்பித்தார். வீட்டில் புத்தகங்கள் நிறைய இருந்தன. ஒரு பிடிலும் இருந்தது. ஐயர் அதை ஆர்வத்தோடு வாசிப்பார். ஒரு பக்கம் புத்தகம், ஒரு பக்கம் பிடில். இரண்டுக்கும் நடுவில் பையன் வளர்ந்தான்.

உடம்பு பூஞ்சை. படிப்பிலோ புலி. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். 14 வயதில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தான். 1904-ல் பி.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறித் தங்கப் பதக்கம் வாங்கினான். மேல் படிப்புக்குச் சீமைக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். டாக்டர் பார்த்தார். இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ!

இந்த நாட்களில் ராமன் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய மேதை 1863-ல் வெளியிட்ட நூல் அது. காதுக்கு இனிமை எங்கிருந்து வருகிறது என்பதே நூலின் பொருள்.

ஒரு தந்தியை மீட்டினால் ஒரு சுரம் கேட்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அதில் பல சுரங்கள் இருக்கின்றன. தந்தி முழுவதுமாக ஆடும்போது அடிச்சுரம் பிறக்கிறது. அதே நேரத்தில் தந்தி இரண்டு பாதிகளாகவும், மூன்று கூறுகளாகவும், நாலு கூறுகளாகவும் ஆடுகிறது. அவற்றால் மேற்சுரங்கள் பிறக்கின்றன. அடிச்சுரம் நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக் கொள்ளுங்கள். மேற்சுரங்கள் 400, 600, 800, 1000 என்று படிப்படியாக ஏறும். எந்த மேற்சுரம் எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒன்று வீணையாகவும் ஒன்று பிடிலாகவும் நம் காதில் விழுகிறது.

இதை அவர் செய்தும் காட்டினார். இசைக்கவைகளை வரிசையாக நிறுத்தி, மின்காந்தத்தால் அவற்றை அதிரச் செய்தார். சிலவற்றை உரக்கவும் சிலவற்றை மெல்லவும் ஒலிக்க விட்டார். மனிதன் வாய் திறந்து சொல்லும் உயிரெழுத்துக்களைப் போன்ற ஒலி அந்த இரும்புக் கவைகளிலிருந்து வந்தது! இன்றைய சிந்தசைசருக்கு அதைத்தான் பாட்டன் என்று சொல்ல வேண்டும்.

இந்தப் புத்தகம் ராமனைப் பிடித்துக் கொண்டது.

வீணை வாசித்த மனைவி

1907-ல் எம்.ஏ. தேறினார். சர்க்கார் நிதி இலாகா நடத்திய பரீட்சையிலும் முதலாவதாக வந்தார். அதே ஆண்டில் கல்யாணம். மணமகள் லோகசுந்தரி. வீணை வாசிக்கக் கூடியவர். பெண்ணைத் தேர்ந்தெடுத்தவர் ராமனேதான். ஒரே சாதி என்றாலும் வேறு உட்பிரிவு என்பதால் உறவினர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. வரதட்சணையும் வாங்கவில்லை.

அந்த ஆண்டே கல்கத்தாவில் உத்தியோகம். அப்போது அவருக்கு வயது 18. கை நிறையச் சம்பளம். எவரும் மனத்திருப்தியோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

ராமன் உட்காரவில்லை. ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. விஞ்ஞான வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்பவர் 1876-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டி ஏற்படுத்திய சங்கம். கட்டடம் இருந்தது. கருவிகள் இருந்தன. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போய்க் கேட்டார். சங்கத்தார் மகிழ்ச்சியோடு கதவைத் திறந்து விட்டார்கள்.

அன்று முதல் அவர் பொழுது எப்படிப் போயிற்று தெரியுமா? விடியற்காலையில் சங்கம். பிறகு வீட்டுக்கு ஓடிக் குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ். மாலையில் ஆபீஸ் விட்டதும் மறுபடி சங்கம். இரவு வெகு நேரம் கழித்து வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சங்கம். லோகசுந்தரி அம்மாள் எத்தனை இரவு சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தாரோ! நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். மறுபடியும் அதே ஓட்டம்.

சங்கத்தில் அவருக்குத் துணை அசுதோஷ் தே என்ற ஊழியர். கல்லூரிப் படிப்பு இல்லாதவர். கை வேலையில் கெட்டிக்காரர். ராமன் தம்முடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டார். எத்தனை பேருக்கு இந்த மனம் வரும்!

இயந்திரம் வாசித்த பிடில்

அப்பா வாசித்த பிடிலை மகன் ஆராய்ந்தார். வில் தந்தியைத் தொட்டதும் என்ன நடக்கிறது? வில்லில் உள்ள குதிரை மயிர் தந்தியைப் பற்றிச் சிறிது தூரம் இழுக்கிறது. பிடி விடுகிறது. தந்தி துள்ளிப் பின்னால் போகிறது. மறுபடி பிடி, மறுபடி துள்ளல். ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. தந்தியின் இந்த ஆட்டத்தை ராமன் போட்டோப் படமாகப் பிடித்தார்.

வில்லை எவ்வளவு அழுத்தினால் நல்ல நாதம் வரும் என்று அளக்க வேண்டும். மனிதன் கை ஒரு முறை இழுத்தது போல மறுமுறை இழுக்காது. ஆகவே பிடில் வாசிக்க ஓர் இயந்திரத்தையே ராமன் உண்டாக்கினார். அதில் ஒரு வேடிக்கை. வில் நிலையாக நிற்கும். பிடில்தான் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடும்! பிடிலின் குதிரைக்குக் கிட்டே வில் போகப் போக அதிக அழுத்தம் வேண்டும் என்பதை எண்களால் காட்டினார். பாகவதர்களின் விரல்களுக்குத் தெரிந்த விஷயந்தான். இப்போது அது கணக்காயிற்று.

1917-ல் ஒரு திருப்பம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவிக்கு ஸர் அசுதோஷ் முகர்ஜி அவரை அழைத்தார். நிதி இலாகாச் சம்பளத்தை விட இது மிகவும் குறைவு. அதோடு, சீமைக்குப் போய்ப் பயிற்சி பெற்றவருக்கே அந்தப் பதவி என்று ஒரு விதி வேறு. இந்தப் பதவிக்காகப் பயிற்சி பெறச் சீமைக்குப் போகமாட்டேன் என்று ராமன் மறுத்துவிட்டார். விதியைத் தளர்த்தினார்கள். பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டு வாத்தியார் வேலைக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்து நம் நாட்டு வீணையும் தம்பூராவும். ஒரு தந்தியை நட்ட நடுவில் மீட்டினால், நடுவில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் பிறக்காது என்பது ஐரோப்பியர் கண்ட விதி. மேல்நாட்டு வாத்தியங்கள் அந்த விதிக்கு அடங்கின. தம்பூரா அடங்கவில்லை! வரக்கூடாத மேற்சுரங்கள் அதில் கணீரென்று வந்தன. காரணத்தையும் ராமன் கண்டார். நம் தம்பூராவின் குதிரை கத்தி முனை போன்றதல்ல. அகலமானது, மேற்புறம் வளைந்தது. தந்திக்கு அடியில் ஒரு நூலும் செருகுகிறோம். தந்தி அதிரும்போது அந்த வளைவில் பட்டுப் பட்டு விலகுகிறது. அதனால்தான் அந்த ரீங்காரம். வீணையின் குதிரைக்கும் இதே வளைவு உண்டு, நூல் மட்டும் இல்லை. 1921-ல் இதை எழுதினார்.

சத்தமா, சங்கீதமா?

இனி மிருதங்கத்துக்கு வருவோம்.

தோல் வாத்தியம் என்றால் மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்கு இளக்காரம். அது தாளத்துக்கு உதவும் சத்தம், சங்கீத ஒலி ஆகாது என்று வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். அண்டா போன்ற உருவமுள்ள ஒரு பேரிகை மட்டும் அவர்களிடம் ஓரளவு சுருதிக்கு நின்றது.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டச் சட்டத்தில் ஒரே சீராகத் தோலைக் கட்டித் தட்டிப் பாருங்கள். அடிச்சுரம் 200 என்றால், அடுத்தது 400-க்கு வராது. சுமார் 318-ல் நிற்கும். அதற்கு அடுத்தவை 427, 459 என்று தாறுமாறாக வரும். ஒன்றுக்கொன்று உறவில்லாத கூட்டம். காதுக்கு அது இரைச்சல்தான்.

மிருதங்கத்தின் தோலும் வட்டந்தான். பின் ஏன் அது இரைச்சலாக இல்லை? ஏன் பாடகரின் சுருதியோடு இழைகிறது?

ராமன் வலந்தலையைப் பார்த்தார். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறது அல்லவா? அதைக் கரணை என்பார்கள். இரும்புச் சத்துள்ள கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்து ஏற்றுகிறார்கள். நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் அது அமையும். தோலின் விளிம்பில் இன்னொரு தோல் வளையம். இவையெல்லாம் அழகுக்கு என்று நினைத்தால் தவறு.

அவர் செய்த சோதனை எளிமையானது. நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவினார். விரலால் ஓர் இடத்தை லேசாகத் தொட்டுக் கொண்டு வேறோர் இடத்தில் தட்டினார். தோல் ஆடும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடியது. ஆடாத இடத்தில் போய்க் கோடாக நின்றது. விரலை மாற்றி வைத்துத் தட்டத் தட்ட வேறு வேறு கோலங்கள் விழுந்தன. ஒரு கோலத்தில் தோல் இரண்டாகப் பிரிந்து ஆடியது. இன்னொன்றில் நாலாக. மற்றொன்றில் வட்டத்துக்குள் வட்டமாக. மார்கழிக் கோலம் போல மிருதங்கமே தன் ரகசியத்தை வரைந்து காட்டிவிட்டது!

கணக்குப் பார்த்தால் தோல் ஒன்பது விதமாக ஆடியது. ஒன்பது ஆட்டத்துக்கும் ஒன்பது சுரம் வர வேண்டுமே? வரவில்லை. ஐந்தே சுரங்கள் வந்தன. முதல் சுரத்தை ஓர் ஆட்டம் தந்தது, இரண்டாவதை ஓர் ஆட்டம். மூன்றாவதையும் நாலாவதையும் இரண்டிரண்டு ஆட்டங்கள் ஒன்றுகூடித் தந்தன. ஐந்தாவதை மூன்று ஆட்டங்கள். அந்த ஐந்து சுரங்களும் எப்படி நின்றன? 200 என்றால் 400, 600, 800, 1000! வீணைத் தந்தியின் அதே படிக்கட்டு.

கரணையின் கனம் தாறுமாறான சுரங்களை இழுத்து அதனதன் படியில் நிறுத்துகிறது. விளிம்பு வளையம் அதற்கு மேல் வரும் வேண்டாத கூச்சலை அடக்குகிறது. நம் வித்துவான் 'நம்' என்ற சொல்லை வாசிக்கும்போது கவனியுங்கள். மோதிர விரல் கரணையின் ஓரத்தில் மெல்லப் படிந்திருக்கும். ஆள்காட்டி விரல் விளிம்பில் தட்டும். படிந்த விரல் அடிச்சுரத்தை அமுக்கிவிடுகிறது, மேற்சுரம் தனித்துக் கேட்கிறது. மணல் சோதனையில் ராமன் விரல் வைத்தது போலத்தான் இதுவும்!

சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 1920-ல் லண்டன் பத்திரிகையான நேச்சரில் இந்த முடிவை வெளியிட்டார். சுரத்தோடு ஒலிக்கும் தோல் வாத்தியம் உலகில் உண்டு, அது இந்தியாவில் இருக்கிறது என்று மேல்நாட்டார் அறிந்தார்கள். 1927-ல் ஜெர்மானியர் பௌதிகக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டபோது வாத்தியங்களைப் பற்றிய பகுதியை எழுத ராமனைத்தான் கேட்டுக் கொண்டார்கள்.

கரணை வைக்கக் கற்ற அந்த முதல் கை யாருடையது? தெரியாது. அளவுகோல் இல்லை, கணக்கு இல்லை. தேய்த்துத் தட்டிக் கேட்டு, கேட்டுத் தேய்த்து, காது ஒன்றையே நம்பிச் செய்த வேலை. அந்த வேலைத் திறத்தை ராமன் வியந்து எழுதினார். தோல் வேலை செய்பவரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் செய்த மிருதங்கத்தை மட்டும் கோயிலுக்குள் கொண்டுபோன நாடு நம்முடையது. இதையும் நினைத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

சாத்திய கதவு

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. 1921-ல் கப்பலில் வரும்போது கடலின் நீலத்தைக் கண்டு ஒளியின் பக்கம் திரும்பினார். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு. 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குத் தலைவரானார்.

மேதைகளும் மனிதர்களே. அந்த 1933-ம் ஆண்டில் பம்பாயிலிருந்து கமலா பாக்வத் என்ற மாணவி ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பரீட்சையில் முதல் மதிப்பெண் பெற்றவர். பெண் என்பதால் ராமன் இடம் தர மறுத்தார். தோல் வாத்தியத்தைச் சத்தம் என்று ஒதுக்கியவர்கள் தவறு என்று நிரூபித்தவர், கேட்டுப் பாராமலே ஒரு பெண்ணை ஒதுக்கினார்! கமலா நேரில் போய் வாதாடினார். ஓராண்டு பார்க்கிறேன் என்ற நிபந்தனையின் பேரில் இடம் கிடைத்தது. அவர் உழைப்பைக் கண்டபின் ராமன் மனம் மாறினார். அதன் பிறகு பெண்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது. கமலா 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். அட்டுவம்பட்டியில் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நடக்கும் இந்த நாளில், மாணவிகள் இந்தக் கதையையும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1934-ல், ராமன் மறுபடி மிருதங்கத்துக்குத் திரும்பினார். மணல் கோலங்களின் படங்களோடு விரிவான கட்டுரையை வெளியிட்டார். நோபல் பரிசு வாங்கிய பின்னும் அவர் காதில் மிருதங்கம் ஒலித்துக் கொண்டுதான் இருந்தது. 1948-ல் பெங்களூரில் சொந்த ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். 1954-ல் பாரத ரத்னா பட்டம் வந்தது.

உலகம் வேறு பக்கமும் போய்க் கொண்டிருந்தது. அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவர் 1964-ல் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் சிந்தசைசரைச் செய்தார். 1970-ல் கையில் தூக்கிச் செல்லக் கூடிய சிறிய மோக் வந்தது. 1977-ல் இத்தாலியரான ஜியார்ஜியோ மொரோடர் மோக் சிந்தசைசரை வைத்தே ஒரு டான்ஸ் பாட்டை அமைத்து உலகை ஆட வைத்தார். 1982-ல் பம்பாயைச் சேர்ந்த சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோத் தாளத்தில் சிந்தசைசரிலேயே வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அதில் தாளம் போட்டதும் இயந்திரந்தான். அந்த இயந்திரத்தின் கொட்டு, மின்சாரச் சுற்றில் உண்டாக்கியது. தோல் கிடையாது, கரணை கிடையாது.

இந்தப் பாட்டுகள் எதையும் ராமன் கேட்கவில்லை. 1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, 82-வது வயதில் பெங்களூரில் காலமானார். சடங்குகள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் விருப்பப்படி ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். சமாதி கட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு மரத்தை நட்டார்கள்.